வேண்டுதல் முடியோடு வந்த ரெக்ரூட்

“…அதனால கடசியா சொல்றேன், என் மடியில ஒக்காராம அவன் தலையில மெஷினு பட்டுச்சின்னா, அந்த வூட்டு வாசப்படிய நான் செத்தாலும் மிதிக்க மாட்டேன். நீ மிலிட்டரியா இருந்தா இன்னா, கவர்னரா இருந்தா இன்னா!” என்றார் ஏழுமலை.

அவர் நின்று பேசிய இடம், கடலூரிலிருந்து புதுச்சேரி போகும் ஒரு தனியார் பஸ்ஸின் பின்படிக்கட்டு. ஏழுமலை அதில் கண்டக்டர். நான் கேட்டுக்கொண்டிருந்த இடம், அங்கிருந்து இரண்டு நாள் ரயிலில் போகிற தூரத்தில், ஒரு ராணுவப் பயிற்சி முகாமின் பார்பர் ஷெட். இரண்டுக்கும் நடுவில் என் செல்போன். வீடியோவில் ஏழுமலையின் மூக்கு மட்டும் பெரிதாகத் தெரிந்தது.

அந்த நேரத்தில் ஹவில்தார் தணிகாசலமாகிய நான், கையில் மூன்று பட்டையோடு, சிமெண்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தேன். என் மடியில் பத்தொன்பது வயது வாலிபன் ஒருவன் பாதி உட்கார்ந்தும் பாதி எழுந்தும் தத்தளித்துக்கொண்டிருந்தான். சுற்றிலும் புதிதாகப் படையில் சேர வந்த நாற்பது ரெக்ரூட்டுகள் வேடிக்கை பார்த்தார்கள்.

போன வாரம் இந்தப் பகுதியில், துப்பாக்கிப் பயிற்சியில் நான் பக்கத்து ஆளின் குறி அட்டையைச் சுட்டு அவருக்கு முதல் பரிசு வாங்கிக் கொடுத்த கதையைச் சொன்னேன். படித்துவிட்டு பாகூர் வாசகர் ஒருவர், “இதவிடக் கேவலமா ஒண்ணும் நடந்திருக்காதுங்களே?” என்று ஆறுதலாகக் கேட்டார். நடந்திருக்கிறது. அதைத்தான் இந்த வாரம் எழுதுகிறேன்.

எந்த மிலிட்டரி?

நான் புதுச்சேரிப் பக்கத்துக் கிருமாம்பாக்கத்துக்காரன். எங்கள் பக்கம் மிலிட்டரிக்காரன் என்றால் உடனே மரியாதை வந்துவிடாது. முதலில் ஒரு விசாரணை உண்டு.

நான் தேர்வாகி, மாலையும் கழுத்துமாக பஸ்ஸை விட்டு இறங்கியபோது பக்கத்துத் தெரு அண்ணி ஒருத்தி கேட்டாள்: “எந்த மிலிட்டரி தம்பி? நம்ம மிலிட்டரியா, பிரெஞ்சு மிலிட்டரியா?”

பிரெஞ்சுப் படையில் இருந்து வந்தவரை எங்கள் பக்கத்தில் ‘சொல்தா’ என்பார்கள். சொல்தா தெருவில் நடந்தால் சென்ட் வாசனை அவருக்கு முன்னால் பத்தடி நடக்கும். நான் நம்ம மிலிட்டரி என்றேன்.

“அப்படியா, பரவால்ல. அதுவும் நல்ல வேலதான்” என்றாள் அண்ணி.

அந்தப் ‘பரவால்ல’ போல எந்த எதிரியும் என்னைக் காயப்படுத்தியதில்லை. எதிரியின் பக்கம் நான் அதிகம் போகவில்லை என்பது வேறு விஷயம். முழங்கால் வலி வந்த பிறகு என்னை ஸ்டோருக்கு மாற்றினார்கள். ஸ்டோரிலிருந்து ரெக்ரூட்டுகளை வரவேற்கும் கம்பெனிக்கு. என் வீட்டுக்காரி இன்றைக்கும் விருந்தாளிகளிடம் சொல்வாள்: “இவுரு துப்பாக்கி புடிச்ச நாளவிட துண்டு எண்ணுன நாளு ஜாஸ்தி.”

மறுக்க வழியில்லை. ஒரு ரெக்ரூட்டுக்கு இரண்டு துண்டு. ஒரு பேட்ச் என்றால் எத்தனை துண்டு என்று பாருங்கள்.

கறுப்புப் பெட்டிகள்

ரெக்ரூட்டுகள் வரும் நாளில் ரயில் நிலையத்துக்கு நாங்கள் லாரி எடுத்துக்கொண்டு போவோம். யார் எங்கள் ஆள் என்று கண்டுபிடிப்பது சுலபம். புதிதாக வாங்கிய கறுப்புத் தகரப் பெட்டி, அதன் மேல் வெள்ளைப் பெயின்டில் பெயரும் ஊரும், முகத்தில் இனிமேல் யாரிடம் சாப்பாடு கேட்பது என்கிற குழப்பம். இந்த மூன்றும் இருந்தால் லாரியில் ஏற்றிவிடலாம். ஒரு தடவை இந்த மூன்றும் இருந்த ஒரு பாத்திர வியாபாரியை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன். பாவம், அவரும் மதியம் வரைக்கும் வரிசையில் நின்றார்.

முகாமுக்குள் வந்ததும் முதல் வேலை முடிவெட்டு. பார்பர் முன்னா அந்த முகாமில் எல்லோருக்கும் முந்தியவர். ஒரு தலைக்கு ஒன்றரை நிமிடம். உள்ளே போகும்போது சினிமா நாயகன் மாதிரி போகிறவன், வெளியே வரும்போது தேங்காய் மாதிரி வருவான். சொந்தப் பெட்டியே அவனை அடையாளம் கண்டுகொள்ளாது.

அன்றைக்கே நாலு மணிக்குப் போட்டோ. போட்டோ எடுத்தால்தான் நம்பர் கிடைக்கும். நம்பர் இருந்தால்தான் அவன் ராணுவத்து ஆள். நாலு மணிக்கு வெட்டிய தலையோடு கேமரா முன்னால் நிற்காதவன், பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போய் அடுத்த பேட்சுக்குக் காத்திருக்க வேண்டும். அடுத்த பேட்சில் எடுப்பார்களா என்பதை மேலே இருப்பவர்களைத்தான் கேட்க வேண்டும்.

என்னைக் கேட்டால் துண்டு எத்தனை இருக்கிறது என்று சொல்வேன்.

தோள் வரைக்கும்

அந்தப் பேட்சில் வந்தவன்தான் அய்யனாரப்பன். மணப்பட்டுப் பையன். பெட்டியில் ஊர்ப் பெயரைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரம்! “டேய், நான் கிருமாம்பாக்கம்டா!” என்று லாரியிலேயே கட்டிப்பிடித்தேன். “உனக்கு இங்க இன்னா வேணும்னாலும் என்னைக் கேளு. இந்தக் கேம்ப்ல நான் சொன்னா சொன்னதுதான்” என்று வேறு சொல்லித் தொலைத்தேன்.

இரண்டே மணி நேரத்தில் அவன் கேட்டுவிட்டான்.

“சார், முடிய மட்டும் வுட்டுடச் சொல்லுங்க சார்.”

அவன் முடி தோளைத் தொட்டது. நான் அதை ஸ்டைல் என்று நினைத்திருந்தேன். “முடிதானடா, வளந்துரும். என்னைப் பாரு, வளரலன்னாலும் ஒண்ணும் ஆவாது” என்று தொப்பியைக் கழற்றிக் காட்டினேன். என் வழுக்கையைப் பார்த்தும் அவன் சிரிக்கவில்லை. விஷயம் பெரிது என்று அப்போதுதான் பட்டது.

அவன் சொன்னது இது. அவனுக்கு ஒரு வயதில் திரௌபதி அம்மன் கோயிலில் முதல் மொட்டை ஏற்பாடாகியிருக்கிறது. தாய்மாமன் மடியில் உட்காரவைத்து எடுக்க வேண்டும். தாய்மாமன்தான் ஏழுமலை. அன்றைக்கு அவர் கண்டக்டராக வந்த பஸ் வழியில் டயர் வெடித்து நின்றுவிட்டது. பாதி வழியில் பஸ்ஸை விட்டுவிட்டு வர அவருக்கு மனம் வரவில்லை. இங்கே நல்ல நேரம் முடியப்போகிறது என்று ஆளாளுக்கு அவசரப்படுத்தினார்கள். கூட்டத்தில் யாரோ ஒருவர், “மடிதான வேணும், நான் ஒக்கார்றேன்” என்று உட்கார்ந்துவிட்டார்.

ஏழுமலை புதுச் சட்டையும் சீர்த்தட்டுமாக வந்து இறங்கியபோது பிள்ளை மொட்டைத் தலையில் சந்தனத்தோடு இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். ஏழுமலை தட்டைக் கோயில் வாசலிலேயே வைத்துவிட்டுப் போனவர்தான். தங்கச்சியோடு பதினெட்டு வருஷமாகப் பேச்சு கிடையாது. அவர் பஸ் மணப்பட்டுக்குத் திரும்புகிற நிறுத்தத்தில்தான் தினமும் நிற்கும். தங்கச்சி மீன் கூடையோடு அங்கே நின்றால், டிக்கெட் கொடுக்க டிரைவரை அனுப்புவாராம்.

மகனுக்கு மிலிட்டரி வேலை கிடைத்தால், அண்ணன் மடியில் உட்காரவைத்து முடி இறக்குகிறேன் என்று அம்மா வேண்டிக்கொண்டாள். ஊர்ப் பெரியவர்கள் போய்ச் சொன்னதில், தீமிதி அன்றைக்கு வருகிறேன் என்று ஏழுமலையும் இறங்கி வந்துவிட்டார். தீமிதிக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, ராணுவத்திலிருந்து உடனே வா என்று கடிதம் வந்துவிட்டது.

“தீமிதி முடிஞ்சி வரேன்னு கேக்கக் கூடாதாடா?”

“மிலிட்டரில யாரைப் போய் கேக்கறது சார்?”

நியாயம்தான். எனக்கே இன்னும் தெரியாது.

“மாமா ஒரு தடவ ஏமாந்துட்டாரு சார். இப்பவும் எவனோ எடுத்துட்டான்னு தெரிஞ்சா அவ்ளோதான். எங்கம்மா அந்த ஸ்டாப்பிங்ல கூடையோட நின்னுகினே இருக்கும்.”

என் வாய்

இந்த இடத்தில் ஒரு புத்திசாலி என்ன செய்திருப்பான்? மேலதிகாரியான சுபேதாரிடம் போய் நடந்ததை நடந்தபடி சொல்லியிருப்பான். எங்கள் சுபேதார் வடக்கே மலைப்பக்கத்துக்காரர், முறைத்தே பேசுவார், ஆனால் நல்ல மனிதர்.

நான் நடந்தபடி சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த இந்தியில் கொஞ்சம் கூட்டிச் சொன்னேன். எங்கள் ஊர் அம்மன் மிகவும் கோபக்காரி என்றேன். முடி வேறு மடியில் விழுந்தால் மழை நின்றுவிடும் என்றேன்.

சுபேதார் வெளியே பார்த்தார். மூன்று நாளாக மழை கொட்டிக்கொண்டிருந்தது. “நிற்கட்டுமே” என்றார்.

அதோடு விட்டிருக்கலாம். பாம்பு வரும் என்றேன். ஆயுதம் துருப்பிடிக்கும் என்றேன். அவருக்குச் சாமி பக்தி உண்டு. கடைசியில், “சரி, நாலு மணி வரைக்கும் பார்க்கலாம், அவனை வரிசையிலிருந்து தள்ளி நிற்கச் சொல்” என்றார். நான் மார்பை நிமிர்த்திக்கொண்டு வந்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, “சாமி வேண்டுதல் இருக்கறவன் இந்தப் பக்கம் நில்லு” என்று அய்யனாரப்பனைப் பார்த்துச் சொன்னேன். தமிழில் ஒரு தடவை, இந்தியில் ஒரு தடவை.

ஐந்தாவது நிமிடத்தில் அந்தப் பக்கம் பதினேழு பேர் நின்றார்கள்.

ஆந்திரப் பையன்கள் ஒன்பது பேருக்கும் திருப்பதியில் வேண்டுதல். ஒருவன் காசி என்றான். இன்னொருவன் ஏற்கெனவே ஒட்ட வெட்டிய தலையோடு வந்தவன், அவன் புருவத்துக்கு வேண்டுதல் என்றான். முன்னா மெஷினை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

சுபேதார் வந்து பார்த்தார். பதினேழு பேரையும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“தணிகாசலம், உன் ஊர் சாமி எத்தனை மாநிலத்துக்குச் சாமி?”

பதினாறு பேரை அவரே விரட்டி வரிசையில் நிறுத்தினார். அய்யனாரப்பனைக் காட்டி என்னிடம் சொன்னார்: “இவன் கதை உண்மை என்று உன் முகத்தைப் பார்த்து நான் நம்பவில்லை. இவன் முகத்தைப் பார்த்து நம்புகிறேன். மணி மூன்று. நாலு மணிக்கு இவன் தலையில் முடி இருந்தால், பெட்டியோடு நீயே ஸ்டேஷனில் விட்டுவிட்டு வா.”

நம்பர்

ரெக்ரூட்டுகளின் போன்களை வந்ததுமே வாங்கிப் பூட்டிவிடுவோம். என் போனிலிருந்து அவன் அம்மாவைக் கூப்பிட்டேன்.

“அக்கா, நான் மிலிட்டரியிலேர்ந்து பேசறேன்.”

“அய்யய்யோ, எம்புள்ளைக்கு இன்னா ஆச்சு?”

“ஒண்ணும் ஆவலக்கா. முடி விஷயமா…”

“முடிக்கு இன்னா ஆச்சு?”

பிள்ளை நன்றாக இருக்கிறான் என்றதற்கு ஒரு மூச்சு விட்டாள். முடி இன்னும் தலையில்தான் இருக்கிறது என்றதற்கு அதைவிடப் பெரிய மூச்சு விட்டாள். நாலு மணிக் கணக்கைச் சொன்னேன். மீன் மார்க்கெட் இரைச்சலிலிருந்து விலகி வந்து பேசினாள்.

“என்னைக் கேக்காத தம்பி. நான் எடுக்கச் சொன்னா, அன்னிக்கி மாதிரியே நீதான சொன்னன்னுவாரு. எடுக்க வேணாம்னா எம்புள்ள வேல பூடும். நீ எங்கண்ணனையே கேளு. எழுதிக்கோ.”

பத்து எண்களையும் ஒரே மூச்சில் சொன்னாள்.

“மனப்பாடமா வச்சிருக்கியேக்கா.”

“ஒரு தடவகூட அடிச்சதில்ல தம்பி” என்றாள்.

மடிதானே வேண்டும்?

ஏழுமலை எடுத்தார். பின்னால் பஸ்ஸின் பாட்டும் ஹாரனும்.

“யாரு?”

“நான் ஹவில்தார் தணிகாசலம் பேசறேன். மிலிட்டரி.”

“பாஸெல்லாம் செல்லாது. டிக்கெட் எடுக்கணும்.”

“அய்யோ, அது இல்லண்ணே. நான் கிருமாம்பாக்கம்…”

“கிருமாம்பாக்கம் இப்பதான் தாண்டுனோம். எறங்காம இன்னா பண்ணிகினு இருந்த?”

இப்படியே நாலைந்து நிமிடம் போனது. முகாமில் நான் சொன்னால் சொன்னதுதான் என்று லாரியில் சொன்னவன், பஸ்ஸில் இல்லாத ஒரு பயணியாக மாட்டிக்கொண்டு விழித்தேன். அய்யனாரப்பன் போனைப் பிடுங்காத குறையாக, “மாமா!” என்று கத்தினான்.

அந்தப் பக்கம் பாட்டை நிறுத்தச் சொல்லி ஒரு அதட்டல் கேட்டது.

“யாரு, அய்யனாரா?” குரல் இறங்கியிருந்தது. “முடி இருக்குதாடா?”

“இருக்குது மாமா.”

“காட்டு.”

வீடியோ போட்டோம். பார்பர் ஷெட்டில் போன் எடுப்பது குற்றம். சுபேதார் அந்த நேரம் பார்த்து வெளியே மரத்தில் உட்கார்ந்திருந்தது என்ன பறவை என்று ஆராயத் தொடங்கினார். மணி மூன்று நாற்பது.

நான் நிலவரத்தை எடுத்துச் சொன்னேன். ஏழுமலை ‘உம்’ கூடக் கொட்டவில்லை. அந்த மௌனத்தைச் சம்மதம் என்று நான் நினைத்துக்கொண்டேன். அப்போதுதான் என் வாழ்க்கையிலேயே சிறந்தது என்று நான் நம்பிய யோசனை வந்தது.

“அண்ணே, நானும் உங்க பக்கத்துக்காரன்தான். உங்களுக்குத் தம்பி மாதிரி. மடிதான வேணும், நான் ஒக்கார்றேன்” என்றேன்.

சொல்லிவிட்டு உட்கார்ந்தேவிட்டேன். என் மடி விசாலமானது. தொப்பை போக மிச்சம் இருக்கிற இடத்தில் ஒரு ஆள் தாராளமாக உட்காரலாம். “வாடா” என்று அய்யனாரப்பனை இழுத்தேன். அவன் ஆறடி. எங்கே உட்காருவது, காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் என் மேல் சாய்ந்தான். அவன் முழங்கை என் கண்ணில் பட்டது. ரெக்ரூட்டுகள் சிரிப்பை அடக்க முடியாமல் ஆளுக்கொரு பக்கம் திரும்பினார்கள். முன்னா மெஷினைப் போட்டார். அது ‘உர்’ரென்றது.

பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் கோயிலில் அந்த யாரோ ஒருவர் சொன்ன அதே வார்த்தையை, ஒரு எழுத்து மாறாமல் நான் சொல்லியிருக்கிறேன் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. ஏழுமலைக்கு உறைத்தது.

அப்போது அவர் கத்தியதைத்தான் மேலே முதலில் எழுதியிருக்கிறேன். கத்தி முடித்ததும் அய்யனாரப்பன் என் மடியிலிருந்து எழுந்துவிட்டான். முன்னா மெஷினை அணைத்தார். கவர்னருக்கும் எனக்கும் சேர்த்து விழுந்த திட்டில் நான் மட்டும் தரையில் மடியை விரித்தபடி தனியாக உட்கார்ந்திருந்தேன்.

“மாமா,” என்றான் அய்யனாரப்பன், போனைக் கையில் வாங்கிக்கொண்டு. “நான் பெட்டிய எடுத்துகினு வந்துடறேன் மாமா. தீமிதிக்கு வந்துருவேன். நீ வரேன்னு சொன்ன இல்ல, வந்துடு.”

மணி மூன்று நாற்பத்தெட்டு.

ஏழுமலை திரையில் அவனையே பார்த்தார். பஸ் குலுங்கியதில் அவர் முகமும் குலுங்கியது. யாரோ ஒரு அம்மாள், “கண்டக்டர், தவளக்குப்பம் ஒண்ணு குடு” என்றாள். அவர் காதில் வாங்கவில்லை.

விசிலை எடுத்து வாயில் வைத்து, நீளமாக ஒரே ஒரு தடவை ஊதினார்.

பஸ் நின்றது. “இன்னாப்பா, இங்க ஸ்டாப்பிங் இல்லியே?” என்று டிரைவரின் குரல் கேட்டது. “டிரிப்பு லேட்டாவுது, விசில் குடுய்யா!” என்றது இன்னொரு குரல். ஏழுமலை படியிறங்கினார். திரையில் தார் ரோடு வந்தது, கரும்புத் தோகை வந்தது, அவர் செருப்பு வந்தது. தோல்பையை முன்னாலிருந்து முதுகுப் பக்கம் தள்ளிவிட்டார். ரோட்டோரத்தில் துண்டை விரித்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

அப்புறம் எங்கள் திரையில் வானம் தெரிந்தது. வானத்தின் ஓரத்தில், கீழேயிருந்து பார்க்கிற மாதிரி, நரைத்த தாடி முளைத்த அவர் தாடை.

போனைத் தன் மடியில் வைத்திருந்தார்.

“அந்த பார்பர மெஷின போடச் சொல்லு” என்றது தாடை.

முன்னா என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அய்யனாரப்பன் போனை நெற்றிக்கு நேராகப் பிடித்துக்கொண்டு குனிந்தான். மெஷின் அவன் பிடரியைத் தொட்டபோது திரை இருண்டுபோனது. ஏழுமலை உள்ளங்கையைத் தன் மடியிலிருந்த போன் மேல் வைத்து, பிள்ளை தலையை ஆட்டிவிடாதபடி அழுத்திப் பிடித்துக்கொண்டார்.